இடக்கை எழுத்து

பள்ளி விட்டாயிற்று. வெளியே வேன்காரர் "பேக பா, பேக பா" என்று கன்னடத்தில் பிள்ளைகளை அவசரப்படுத்துகிறார். ஆஸ்டின் டவுனின் அந்தச் சின்ன நர்சரி வகுப்பில் மமதா மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. நாலு கோட்டு நோட்டில் அவள் எழுதிய கர்சிவ் 'எம்' எல்லாம் கரியாக இழுபட்டுக் கிடக்கின்றன. இடக்கையின் ஓரமும் பென்சில் கரி படிந்து பளபளக்கிறது. "சோத்துக் கையால எழுதப் பழக்குங்க மிஸ், வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க" என்று வாசலில் நிற்கும் அவள் அம்மா வீணா சொல்கிறாள். யசோதா மிஸ் குழந்தையை ஒட்டி உட்கார்ந்து, பென்சிலைத் தன் இடக்கையில் பிடித்து அதே எழுத்தை எழுதிப் பார்க்கிறாள். முதல் வளைவிலேயே கோடு கோணுகிறது. அடுத்த வளைவுக்கு நகரும் கை, எழுதியதன் மேலேயே ஊர்ந்து அதை அழித்துக்கொண்டு போகிறது. "மிஸ், உங்களுக்கும் வரல!" மமதா வாய்விட்டுச் சிரிக்கிறாள். "வரலதான். இரு, வர வைப்போம்." யசோதா நோட்டைச் சாய்க்கிறாள், எழுதுகிறாள், இன்னும் சாய்க்கிறாள். நோட்டின் தலை வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்ததும் கை கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, எழுத்து அழியாமல் நிற்கிறது. மமதா பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ஒரே இழுப்பில் மூன்று மேடும் ஏறி இறங்குகிறாள். உள்ளே வந்து குனிந்த வீணா, பழக்கதோஷத்தில் பென்சிலை மகளின் வலக்கைக்கு மாற்றுகிறாள். மமதா அதை இடக்கைக்கே திருப்பிக்கொண்டு அடுத்த எழுத்தைத் தொடங்குகிறாள். வீணாவின் கை சற்று அந்தரத்தில் தயங்கி, பிறகு நோட்டு நகராதபடி அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.