பொட்டில்லாத நெற்றி

"தாலி கழுத்துல கெடக்கு. நெத்தி மட்டும் ஏன் வெறிச்சுன்னு இருக்கு?"

மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டது, மண்டப வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

ஆரத்தித் தட்டோடு நின்ற தீபா தலையைக் குனிந்துகொண்டாள். மணப்பெண் ஆனந்தியின் அண்ணன் மனைவி அவள். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுப்பது அந்த வீட்டு மருமகளின் உரிமை. தட்டின் மறுபக்கம் பிடிக்க இன்னொரு சுமங்கலி வேண்டும்.

பெரியம்மா கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"அது என்ன புள்ள, நடு நெத்தியில வெள்ளையா? ஒட்டுவாரொட்டி நோயா?"

"இல்லங்க பெரியம்மா. ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்கல."

"பொட்டு ஒத்துக்காமப் போகுமா? நல்லா இருக்கே கதை!"

கதையில்லை. முதலில் மிளகளவுதான் வெளுத்தது. மறைப்பதற்குக் கொஞ்சம் பெரிய பொட்டாக ஒட்டினாள். வெளுப்பு அதையும் தாண்டியது. அதைவிடப் பெரிய பொட்டு வாங்கினாள். திண்டுக்கல்லில் தோல் டாக்டரிடம் போனபோது அது ஒரு ரூபாய்க் காசளவு ஆகியிருந்தது.

"வெயிலும் இல்ல, பரம்பரையும் இல்ல" என்றார் டாக்டர். "பொட்டுக்குப் பின்னால இருக்கிற பசைதான். சில பேர் தோல்ல நிறத்தையே அழிச்சிரும். மறைக்க மறைக்கப் பெருசாகும். ஆறு மாசம் நெத்தியில எதுவும் வேணாம். குங்குமமும்தான்."

அதைக் கேட்டு மாமியார் சின்னக்கண்ணு குதித்தாள்.

"நாங்களும்தான் காலம் பூரா வைக்கிறோம். எங்களுக்கு மட்டும் இரும்புத் தோலா? ஆனந்தி கல்யாணத்துல வெறும் நெத்தியோட வந்து நின்னு என் மானத்த வாங்கிராத."

நேற்று ராத்திரிவரை அதே பேச்சு.

பெரியம்மா இப்போது சின்னக்கண்ணுவிடம் திரும்பினாள்.

"சம்பந்தியம்மா, வேற யாரையாச்சும் தட்டப் பிடிக்கச் சொல்லுங்க. வாழப் போற பையனுக்கு மொத மொகமே இதுவா?"

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகக் காத்திருந்தான். நாதஸ்வரக்காரர் வாசித்த பாட்டையே மறுபடி வாசித்தார்.

சின்னக்கண்ணு மருமகளின் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"இங்கனயே நில்லு" என்றுவிட்டு உள்ளே போனாள்.

"பொட்டு எடுக்கப் போறா" என்றது ஒரு குரல்.

"இல்ல, வேற ஆளக் கூப்பிடப் போறா" என்றது இன்னொன்று.

ஒட்டச் சொன்னால் ஒட்டிக்கொள்வது என்று தீபா முடிவுசெய்தாள். இத்தனை பேர் முன்னால் ஒதுக்கப்படுவதற்கு அந்தப் பசையே மேல்.

சின்னக்கண்ணு தனியாகத்தான் திரும்பி வந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டியது. எட்டணா அகலத்துக்குக் குங்குமம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! ஒங்க வீட்டுக்காரர் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில..."

"அவரு உசுரு என் நெத்தியிலயா இருக்கு? அந்தா, மைக்செட்டுக்காரனோட சண்டை போட்டுக்கிட்டு நிக்குது."

சின்னக்கண்ணு தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏத்தா தீபா, அந்தப் பக்கம் பிடி. மாப்பிள்ளை வெயில்ல நிக்கிறாரு."