போடாத ஊசி

"வயசான பூனைக்கு ஊசி போடாம விட்டா தப்பா சார்?"

உள்ளே வந்ததும் வராததுமாகச் சொர்ணம் கேட்டாள். இலுப்பூர் கடைவீதியில் கால்நடை கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சூர்யபிரகாஷ், ஓர் ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குத் தூங்கிப் பல நாளான கண்கள். கையில் பூனை இல்லை. துண்டு சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

"பூனை எங்கம்மா?"

"தூக்கிட்டு வர முடியல சார்."

ஆட்டுக்குட்டியைப் பிடித்திருந்த பிச்சையம்மாள் சிரித்தாள். "ஏத்தா, என் மூட்டு வலிக்கு ஊசி போடவே நாதியில்ல. நீ பூனைக்கு ஊசி கேட்டு பஸ் ஏறி வந்திருக்கியாக்கும்?"

சொர்ணம் அதைக் காதில் வாங்கவில்லை.

"பேரு அழகி சார். பதிமூணு வயசு. கிட்னி கெட்டுப்போச்சுன்னு திருச்சியில சொன்னாங்க. வெறிநோய் ஊசி போட்டு வருசக்கணக்காச்சு, மறுபடி போடுவோம்னு நான் சொன்னேன். 'எலும்பும் தோலுமா இருக்கு, இது மேலயா ஊசியக் குத்துவ?'ன்னு எங்க வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு."

"சாப்பாடு எப்படி?"

"மத்தி மீனுன்னா உசுரு. மாத்திரையத்தான் தொடாது. அவருதான் வாயைத் தொறந்து, விரலால உள்ள தள்ளுவாரு. வேற யாரையும் கிட்ட விடாது."

"கொடுத்து வச்ச பூனைதான். வெளியே சுத்துமா?"

"அடுப்படிய விட்டு நகராது. எப்பவாச்சும் கொல்லைப் பக்கம் போகும்."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஊசி முக்கியந்தாம்மா. அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா ஒடம்பு இவ்வளவு மோசமா இருக்கையில ஒடனே போட மாட்டோம். கொஞ்சம் தேறட்டும்னு நானும் தள்ளித்தான் வச்சிருப்பேன்."

"நீங்களா இருந்தாலும் போட்டிருக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

"அப்ப அவரு மேல தப்பில்ல?"

"இல்லம்மா."

சொர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பிச்சையம்மாளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அட, பூனைக்கா இம்புட்டு அழுகை? கொஞ்சம் தண்ணியக் குடி ஆத்தா. பாட்டிலுக்கு எதுக்குப் போர்வை? அதுக்கும் குளிர் காய்ச்சலா?" என்று துண்டை விலக்கப் போனாள்.

சொர்ணம் பதறிப் போய்ப் பாட்டிலைப் பிடுங்கி, துண்டை இழுத்து மூடினாள். "வேணாங்க, வெளிய தெரியக் கூடாது..." என்றவள், தான் இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது போலக் கையைத் தளர்த்தினாள். "பழகிப்போச்சு."

டாக்டருக்குப் புரியவில்லை. "இவ்வளவு கவலைப்படுற மனுசன் அவரே வந்திருக்கலாமேம்மா? நாளைக்கு அழகியைத் தூக்கிட்டு அவரை வரச் சொல்லுங்க. பார்த்துட்டு, எப்ப போடலாம்னு சொல்றேன்."

"அழகி செத்து ரெண்டு மாசமாச்சு சார்."

டாக்டரின் முகம் மாறியது.

"அதுக்கு முன்னால கொல்லையில ஒரு நாய் அதைக் கடிச்சுருச்சு. ஒரு மாசங்கழிச்சு, மாத்திரை குடுக்கையில அவரு விரலை அழகி கடிச்சுருச்சு; நாலஞ்சு நாள்ல செத்தும் போச்சு. மனுசன நாய் கடிச்சா ஊசின்னு எங்களுக்கும் தெரியும். நம்ம பூனைதானேன்னு மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டோம்."

பிச்சையம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சொர்ணம் பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

"புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்காரு. தண்ணியப் பார்த்தாலே அலறுறாரு. அலறல் நிக்கிற நேரமெல்லாம், 'அழகிக்கு ஊசி போடாதது என் தப்பான்னு டாக்டரைக் கேட்டுட்டு வா'ங்கிறாரு. நெனவு தப்புறதுக்குள்ள போயி, தப்பில்லைன்னு சொல்லிரணும் சார். அடுத்த பஸ் எப்ப?"