பெருசைக் காட்டுங்க, பாய்

"அந்தப் பெருசைக் காட்டுங்க, பாய்."

"அது வேணாண்ணே. இந்தச் சின்னதே போதும்."

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. மூன்றாவது தடவையாக இதையே சொல்கிறான் கடைக்காரன்.

ஆவடி தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, நீல யூனிபார்மைக்கூட மாற்றாமல், மகள் வித்யாவைக் கூட்டிக்கொண்டு கரையான்சாவடிக்கு வந்திருக்கிறார். வேலப்பன்சாவடி காலேஜில் அவள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். முதல் லாப்டாப். பையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. செலவழிக்க ஒரு மனுஷன் தயாராக நிற்கும்போது, இந்த உஸ்மான் கனி இருபத்தோராயிரம் ரூபாய்ப் பொருளையே முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறான். சிலேட்டு அளவுக்குத்தான் இருந்தது அது.

"ஏன், பெருசுல என்ன குறை?"

கடையே திரும்பிப் பார்த்தது. இருபத்தாறு வருஷம் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு அடிபடும் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. காதும் மந்தம்தான். அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊரில் எல்லாரும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. சற்று முன்பு ரோட்டைத் தாண்டும்போது வித்யா கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தண்ணி லாரி அடித்துப் போட்டிருக்கும். "ஹாரன் அடிச்சா கொறஞ்சா போயிடுவான்?" என்று டிரைவரைத் திட்டினார். அவன் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டுதான் வந்தான்.

உஸ்மான் கனி குனிந்து உரக்கச் சொன்னான். "பெருசு வெயிட்டுண்ணே. பாப்பா பஸ்ல தொங்கிகினு போவணும். பி.காமுக்கு இன்னா வேணும்? கணக்கு, எக்செல், கிளாஸ் நோட்ஸ். எல்லாம் இதுலயே தாராளமா ஓடும்."

"வாங்குறவன் நான். காட்ட உங்களுக்கு என்ன வலிக்குது?"

அந்த நேரம் பார்த்து, டை கட்டிய ஒருத்தர் தன் மகனுக்கு எழுபதாயிரத்தில் ஒன்றைக் கை காட்டினார். மறுபேச்சில்லாமல் எடுத்து வைத்தான் உஸ்மான் கனி. வெயிட்டைப் பற்றியும் பேசவில்லை, பஸ்ஸைப் பற்றியும் பேசவில்லை.

அவ்வளவுதான். கலியமூர்த்திக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

"டை கட்டினவருக்குப் பெருசு, கிரீஸ் கறை பட்டவனுக்குச் சின்னதா? சட்டையைப் பார்த்து ஆளை எடை போடுறியா? என் காசு செல்லாதா? என் பொண்ணு காலேஜ்ல நாலு பேர் முன்னாடி இந்தச் சிலேட்டைத் தூக்கிட்டு நிக்கணுமா?"

உஸ்மான் கனி வித்யாவைப் பார்த்தான். வித்யா ஏதோ உதட்டை அசைத்தாள். அவனும் தலையாட்டி ஏதோ சொன்னான். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.

"என்ன அங்க, என்னை வச்சுக்கிட்டே குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லப்பா. எனக்குச் சின்னதுதான் பிடிச்சிருக்கு." லாப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்திச் சொன்னாள் வித்யா.

பிள்ளையையே கூச வைத்துவிட்டான் பாவி. வாய்விட்டு ஆசைப்படக்கூட விடாமல் செய்துவிட்டான். கலியமூர்த்தி பணத்தை எடுத்து மேஜைமேல் வீசாத குறையாக வைத்தார்.

"இனிமே இந்தக் கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன். எங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தனும் இங்க வராம பார்த்துக்கறேன்."

"சரிண்ணே. பார்த்துப் போங்க" என்றான் உஸ்மான் கனி.

அந்த நிதானம் வேறு எரிச்சலைக் கிளப்பியது.

வெளியே வந்ததும் வித்யா பஸ் ஸ்டாப் பக்கம் போகவில்லை. கடையை ஒட்டியிருந்த மாடிப்படியில் அப்பாவை இழுத்துப் போனாள். மேலே காது மிஷின் விற்கும் இடம்.

"நான் என்ன செவிடா?"

"எனக்குப் பெருசா வாங்கித் தரணும்னு நினைச்சீங்கல்ல? எனக்கு வேண்டியது இதுதான்ப்பா. மீதிக் காசுல வாங்கிக்கலாம். இன்னிக்கு லாரி வந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். நாளைக்கு காலேஜ்ல இருப்பேன்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கலியமூர்த்தி மீதிப் படிகளை ஏறினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பில் போட வித்யா மேலே நிற்க, அவர் வலது காதில் மிஷினோடு படியிறங்கினார். தன் செருப்புச் சத்தமே அவருக்குப் புதுசாக இருந்தது. கீழே லாப்டாப் கடையின் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கூட்டம் இல்லை. உஸ்மான் கனியும் அவன் மனைவி ஃபஸீலாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"பெருச வித்திருந்தா நமக்கும் நாலு காசு கெடச்சிருக்கும். அத்த உட்டுட்டு, எதுக்கு அந்தாளாண்ட அவ்ளோ பேச்சு வாங்கிக்கினு நின்னீங்க?"

"இன்னா பண்றது ஃபஸீலா? அந்தப் பொண்ணு நேத்தே வந்து அழுதுச்சு. 'எங்கப்பா பெருசுதான் வேணும்னு நிப்பாரு. எப்படியாவது சின்னத அவர் தலைல கட்டிடுங்க, மீதியில அவருக்குக் காது மிஷின் வாங்கணும்'னு."

"இத அவராண்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வாங்குவாரா? திட்டினா திட்டிட்டுப் போறாரு. அவருக்குக் காது கேட்டா சரி."

கலியமூர்த்தி படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மிதிக்க மாட்டேன் என்ற அதே வாசப்படியில் ஏறினார். அத்தனை நேரம் கத்திய தொண்டையிலிருந்து குரல் நூலாகத்தான் வந்தது.

"பாய்… நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

உஸ்மான் கனி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாண்ணே சொன்னீங்க? கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."