மூன்றாம் மாடிக்குரிய மீன்

“எங்கட மீன் எங்க, பிறெடி அண்ணை?” மூன்றாம் மாடியில் நின்ற லிஃப்டின் கதவைக் காலால் மறித்துக்கொண்டு கேட்டாள் ரஜனி.

ஞாயிறு காலையில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பாறையில் தூண்டில் போடுவது பிறெடியின் பொழுதுபோக்கு. பிடித்ததை அந்த ஃப்ளாட்ஸில் வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுவார். விற்கமாட்டார். “வித்தாக் கேள்வி கேக்க ஆள் வரும். சும்மா குடுத்தா, எப்பிடிக் காய்ச்சிறது எண்டு கேக்கத்தான் வரும்” என்பார்.

லிஃப்டுக்குள் நின்ற ஐந்தாம் மாடி ரொஷேல் தன் பங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “சும்மா வாற மீனுக்கு வழிப்பறியா? நான் படியால போறன்.” போனாள். மீனுடன்தான்.

பிறெடி வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, கனடாவில உங்கட அண்ணா தவறிப்போனதை நேற்றுத்தான் கேள்விப்பட்டனான். உங்கட சைவசமய ஆக்கள் முப்பத்தொரு நாளும் மீன் மச்சம் காய்ச்சமாட்டீங்கள்தானே? அதாலதான் உங்கட வீட்டை விட்டனான்.”

ரஜனி கதவிலிருந்து காலை எடுத்தாள்.

“அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை, அண்ணை. பைபாஸ் செய்து மூண்டு மாசம். இப்ப சொல்லவேண்டாம் எண்டிட்டார் டொக்டர். ஞாயிற்றுக்கிழமை மீன் மணக்காட்டி உடன கண்டுபிடிச்சிடுவா.”

“அப்ப நீங்களும் சாப்பிடுறீங்களா?”

“எனக்கு ரெண்டு கிழமையா வயித்துக்குள்ள சரியில்லை” என்றாள். “எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.”

“மகன் ஏன் ஃபோன் கோல் எடுக்கேல்லை எண்டு கேக்கமாட்டாவா?”

“அண்ணாவுக்கு வேலை கூடிப்போச்சு எண்டனான். ஒரு கேள்வி கேக்கேல்லை, அப்பிடியே நம்பிட்டா. பாவம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எப்பவும்போல நீங்களே அம்மாட கையில குடுங்கோ. நான் கொண்டுபோனாச் சந்தேகம் வரும்.”

பையில் இருந்ததிலேயே பெரிய விளைமீனைத் தேர்ந்தெடுத்தார் பிறெடி. துக்கம் விசாரிக்க முடியாத வீட்டில் அவருக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரஜனியின் அம்மா நேசமலர்தான் கதவைத் திறந்தார்.

“ஆ, இந்தமுறை நல்ல பெரிசு! ரஜனி, சட்டியைக் கழுவு பிள்ளை!”

ரஜனி குசினிக்கு ஓடினாள். பைப் திறக்கும் சத்தம் கேட்கும்வரை நேசமலர் சிரித்த முகத்தோடு நின்றார். பிறகு பிறெடியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தம்பி, அடுத்த கிழமை சின்னனாப் பாத்துத் தாங்கோ. என்ர மகன்ர முப்பத்தொண்டு முடியுமட்டும் எனக்குக் கனக்க விழுங்க ஏலாது.”