பதினேழின் வீடு

"எண் பதினேழு நேற்று காலமானார்." அலுவலகத்திலிருந்து அந்த ஒரு வரிதான் வந்தது.

பாகுபாட்டு வழக்குகளில் அடுத்தடுத்துத் தோற்ற நிறுவனம், ஊழியர்களின் பெயர், முகம், குரல் எல்லாவற்றையும் மறைத்துவிட்டிருந்தது. திரையில் எண்ணும் எழுத்தும் மட்டும்தான். ஆறு வருடமாகத் தமயந்தியின் பிழைகளைத் தன் பிழை என்று சொல்லிக் காப்பாற்றியவர் பதினேழு. மனதுக்குள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மாலையை வாங்கிக்கொண்டு, பதினேழு எப்போதோ பேச்சுவாக்கில் எழுதியிருந்த பேட்டைக்குப் போய், வாசலில் சாமியானா போட்ட வீடுகளாகத் தேடினாள். இரண்டு வீடுகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் அழுது வீங்கிய முகத்தோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள்.

"யாருங்க நீங்க?"

"இங்க இறந்தவங்க பதினேழா? நான் கூட வேலை பார்த்த நாப்பத்தொண்ணு."

அவள் தமயந்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணா? நல்ல பையன்னு சொல்லி, அப்பா உங்களைத்தான் எனக்குப் பேசி முடிக்கணும்னு இருந்தார்!"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழிவிட்டு நகர்ந்தாள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பெரிய மீசையோடு ஒருவர் படுத்திருந்தார். அக்கா என்று அழ வந்தவள், அவரை என்ன சொல்லி அழுவதென்று தெரியாமல், மாலையும் கையுமாக நின்றாள்.