ஒன்பதாம் பெட்டியின் திருடர்கள்

2022 அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. அன்று போர்த்தோ ரிக்கோவில், எங்கள் மலையூர்த் தேனீப் பண்ணையில் ஒரு பெட்டி எரியாமல் தப்பியது. தப்புவித்தவளின் பெயர் பண்ணையின் ஆண்டறிக்கையில் இல்லை. இதுவே என் முறையீடு.

"கணினி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது" என்கிறது அறிக்கை. கணினி எதையும் திருத்திக்கொள்ளவில்லை. நெரெய்தா திருத்தினாள்.

அங்கே ஒவ்வொரு பெட்டியின் வாசலுக்கு மேலும் ஒரு கேமரா உண்டு. ஒவ்வொரு தேனீயின் முதுகிலும் எண்ணிட்ட சிறு சீட்டு. பெட்டிக்கு ஒரு நிறம். எது சிறகால் விசிறுகிறது, எது காவல் நிற்கிறது, எது திருடுகிறது என்று கணினி பின்தொடர்ந்து வகைப்படுத்தும்.

அந்த வகைப் பெயர்களைப் பிழையறத் திருத்திக் கொடுத்தவன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனாகிய நான். சீட்டுகளை ஒட்டியவள் நெரெய்தா, அதுவும் வெறுங்கையால்.

நான்கு நாட்களில் ஒன்பதாம் பெட்டிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு திருடர்கள் நுழைந்ததாகக் கணினி எழுதியது. அத்தனையும் நீலச் சீட்டு. ஒன்பதின் நிறமோ மஞ்சள்.

கொள்ளை போகும் பெட்டி நோய்ப் பெட்டி. அதை எரித்துவிட வேண்டும் என்பது பண்ணையின் விதி. பொறியாளர் எஃப்ராயின் காலை எட்டு மணிக்கே மண்ணெண்ணெயோடு வந்துவிட்டார்.

நெரெய்தா பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்க மாட்டீங்க, கம்ப்யூட்டரவிட உங்க கண்ணு கூர்மையாக்கும்? நகருங்கக்கா," என்று சிரித்தார் எஃப்ராயின்.

வாசலில் அப்போதுதான் இறங்கிய நீலச் சீட்டு ஒன்றை அவள் இரு விரலால் பிடித்து, அவர் மூக்கருகே நீட்டினாள். அதன் பின்னங்கால்கள் இரண்டிலும் மகரந்தம் உருண்டு திரண்டிருந்தது.

பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திருட வர்றவ கையில சோறு எடுத்துட்டு வருவாளா சார்? புயலன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப, நீங்களும் காபித்தூள் டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான வந்தீங்க?"

பதினாறு நாட்களுக்கு முன் அடித்த புயலில் நீலச் சீட்டுப் பெட்டியை ஓடை கொண்டுபோயிருந்தது. என் வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோயிருந்தது. எங்கள் தெருவில் கான்கிரீட் கூரை அவள் வீட்டுக்கு மட்டுமே. பத்தொன்பது பேர், பதினோரு இரவுகள் அங்கே படுத்தோம். எவரும் வெறுங்கையோடு போகவில்லை. எங்கள் ஊரில் அப்படிப் போவதில்லை.

வெளிநாட்டுத் தேனீக்களைப் பார்த்துப் பயின்ற கணினிக்கு, அயல்பெட்டித் தேனீ என்றால் திருடன். எங்கள் போர்த்தோ ரிக்கோத் தேனீக்கள் கொட்டவே சோம்புபவை. வீடிழந்து வந்ததை வாசலில் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுகின்றன.

எஃப்ராயின் பதிவை மறுபடி ஓட்டினார். நீலங்கள் சுமையோடு நுழைந்தன, சுமையின்றி வெளியேறின. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு திருடன்கூட இல்லை.

அவர் மண்ணெண்ணெய்க் கேனின் மூடியை இறுகத் திருகி மூடினார். நெரெய்தா அடுத்த சீட்டை ஒட்டத் தொடங்கியிருந்தாள்.

வகைப் பட்டியலில் 'அடைக்கலம்' என்ற சொல்லை அன்றே சேர்த்தேன். வாழ்நாளில் அவ்வளவு பெருமிதத்தோடு நான் ஒரு சொல்லை எழுதியதில்லை.

ஆண்டறிக்கையை எழுதியவர்களை நானே பார்த்துக்கொள்கிறேன். வாசகரே, உங்களிடம் கேட்பது வேறு.

நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூடப்பட்டுவிட்ட எங்கள் பள்ளியின் பதிவேடுகள் கிடக்கின்றன. 1983, ஆறாம் வகுப்பு, வரிசை எண் பதினேழு. நெரெய்தா கொயாசோ: "மந்தபுத்தி. நாள் முழுதும் சன்னலோரத்தில் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேல்வகுப்புக்குத் தகுதியில்லை."

கையெழுத்து என்னுடையது. ஓய்வுபெற்றவன் பதிவேட்டைத் தொடக்கூடாதாம்; இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் போங்கள். சிவப்பு மை எடுத்துச் செல்லுங்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.