பொன்மலரின் பொத்தான்

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் எல்லோரும் தோளில் ஒரு பொத்தான் குத்திக்கொள்வார்கள். யாருடைய சுருதி விலகினாலும் அது குரலைச் சரிசெய்து, ஒலிபெருக்கிக்கும் பாடுபவரின் காதுக்கும் அனுப்பிவிடும். குழுவை நடத்துபவன் நான். யார் எவ்வளவு விலகுகிறார் என்பது என் திரையில் மட்டும் தெரியும்.

பொன்மலர் நான்கு வருடமாகச் சுருதி விலகிக்கொண்டே இருந்தார். பொத்தான் வராத காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். பாடுபவரின் பக்கத்தில் போய் நின்று, தவறுகிற சுரத்தை மட்டும் மெதுவாகப் பாடிக்காட்ட வேண்டும். காது அதைத் தேடிப் பிடிக்கும். தொண்டை அதன் பின்னாலேயே போகும். ஐந்து நிமிட வேலை. நானோ பொத்தானின் திருத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டேன்.

நேற்று அவருடைய அம்மாவை அடக்கம் செய்தோம்.

"அம்மைக்கு நானே பாடுதேன்" என்று பொன்மலர் குழியருகே வந்து நின்றார். அவர் தோளில் பொத்தான் இல்லை. வேறு யாரும் அதை நினைக்கவில்லை. எனக்கு நினைவு வந்தது, வாய் திறக்கவில்லை.

இரண்டாம் வரியில் அவரே நிறுத்திவிட்டார்.

"அழுகையில தொண்ட கட்டிட்டு, பாவம்" என்றார் அவருடைய சித்தி.

கூட்டம் கலைந்ததும் பொன்மலர் என்னிடம் வந்தார். "நான் அழவே இல்ல மாஸ்டர். எனக்க கொரலே இப்படித்தானா?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்த சொல்லப்படாதா? சரி, இப்பமாவது சொல்லிக்குடுங்க."

பக்கத்தில் நின்று அந்தச் சுரத்தைப் பாடிக்காட்டினேன். மூன்றாவது தடவையே பிடித்துவிட்டார். பிறகு அம்மாவுக்கு முழுப் பாட்டையும் பாடினார். என்னால்தான் தலைநிமிர்ந்து கேட்க முடியவில்லை.